வன்னியில் வீட்டுக்குப் பெயின்ற்: செலவைக் கணக்கிடுவதும் எஸ்ரிமேற்றுகளை ஒப்பிடுவதும்

ஒரே வீட்டைப் பார்த்துவிட்டு ஒருவர் இரண்டு இலட்சத்து இருபதாயிரம் என்பார். அடுத்தவர் மூன்று இலட்சத்துக்கு மேல் சொல்வார். மூன்றாமவர் "சதுர அடிக்கு அறுபது ரூபா, சாமான் நீங்க எடுத்துத் தாங்கோ" என்று விட்டுப் போவார். யார் ஏமாற்றுகிறார் என்று வீட்டுக்காரர் யோசிக்கத் தொடங்குவது அப்போதுதான். பெரும்பாலும் யாரும் ஏமாற்றவில்லை. மூன்று பேரும் மூன்று வெவ்வேறு வேலைகளுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒருவரின் கணக்கில் புட்டி (சுவரை மட்டமாக்கப் பெயின்ற்றுக்கு முன் பூசும் பசை) இருக்கும், மற்றவரின் கணக்கில் இருக்காது. ஒருவர் கதவு யன்னலையும் சேர்த்திருப்பார், மற்றவர் அதைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டார். எனவே விலையைப் பார்க்க முன் வேலையை எழுத வேண்டும். அதற்கும் முன் சுவரைப் பார்க்க வேண்டும்.

சுவர் என்ன சொல்கிறது

பெயின்ற் செலவில் பெரும் ஏற்ற இறக்கம் வருவது பெயின்ற் டின்னால் அல்ல, அதற்குக் கீழே இருக்கும் சுவரால். ஆட்களைக் கூப்பிட முன் ஒரு பின்னேரம் நீங்களே வீட்டைச் சுற்றி வந்து நான்கு சோதனை செய்யுங்கள். ஐந்து சதம் செலவில்லை.

உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தடவுங்கள். கையில் மாப்போல ஒட்டினால் பழைய பெயின்ற்றோ சுண்ணாம்போ உதிர்நிலையில் இருக்கிறது. அதற்கு மேல் எவ்வளவு விலையான பெயின்ற் அடித்தாலும் அது சுவரில் ஒட்டாது, அந்த மாவில்தான் ஒட்டும். மாவோடு சேர்ந்து விழும்.

கத்தி நுனியால் பழைய பெயின்ற்றில் குறுக்கே இரண்டு கீறல் போட்டு, அதன்மேல் செலோரேப்பை இறுக ஒட்டிச் சட்டென்று இழுங்கள். பெயின்ற் சேர்ந்து வந்தால் அந்தச் சுவர் முழுதும் சுரண்ட வேண்டிய சுவர்.

ஒரு அடிச் சதுரப் பொலித்தீன் துண்டை நான்கு பக்கமும் ரேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி 24 மணித்தியாலம் விடுங்கள். பொலித்தீனின் உட்பக்கம் வேர்த்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஒன்று, மூன்றடி உயரத்தில் ஒன்று என்று ஒட்டினால் ஈரம் நிலத்திலிருந்து ஏறுகிறதா, கூரையிலிருந்து இறங்குகிறதா என்பதும் தெரியும்.

கடைசியாக, ஒரு திறப்புக் கோர்வையாலோ நாணயத்தாலோ சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். 'டொக் டொக்' என்று வெறுமையாகக் கேட்கும் இடத்தில் சிமெந்துப் பூச்சு கல்லை விட்டுவிட்டது. அது பெயின்ற்காரரின் வேலை அல்ல, மேசனின் வேலை. எஸ்ரிமேற்றில் அதைத் தனியாகப் போடச் சொல்லுங்கள்.

வன்னி வீடுகளில் அடிக்கடி வரும் மூன்று சுவர்ப் பிரச்சினைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது உப்பு. கரையோரங்களிலும் சவர்க் கிணறு உள்ள இடங்களிலும் வெறும் கிணற்றுத் தண்ணீரில் குழைத்துப் பூசிய சுவர்களில் இரண்டொரு மாரிக்குப் பிறகு கீழ் இரண்டு மூன்று அடியில் வெள்ளை உப்புப் பூக்கும். ஈரம் சுவருக்குள் ஏறி, வெளியே காயும்போது உப்பை மேற்பரப்பில் விட்டுப் போகிறது. அந்த உப்புப் பளிங்குதான் பெயின்ற்றை உள்ளிருந்து தள்ளி விழுத்துகிறது. இதற்கு மேல் எனமல் (கதவு யன்னலுக்கு அடிக்கும் எண்ணெய்ப் பெயின்ற்) அடித்து மூடினால் சரிவரும் என்று சிலர் சொல்வார்கள். சரிவராது. ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறி, எனமல் முடியும் கோட்டுக்கு மேலே புதிதாகப் பூக்கும். பாதித்த பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரை வாரக்கணக்கில் காயவிட்டு, நீர்த்தடுப்பு மருந்து கலந்த சிமெந்தால் நல்ல தண்ணீரில் குழைத்துப் பூசுவதுதான் வழி. அந்தச் செலவுக்குக் காசு இல்லையென்றால் அந்தக் கீழ்ப்பகுதியை இந்த முறை பெயின்ற் செய்யாமல் விடுவதே இலாபம்.

இரண்டாவது குசினி. விறகடுப்பு எரியும் குசினிச் சுவரில் புகைக்கரியும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து படிந்திருக்கும். அதன்மேல் நேரே எமல்சன் (தண்ணீரில் கலக்கும் சுவர்ப் பெயின்ற்) அடித்தால் காயும்போது மஞ்சளும் மண்ணிறமுமாக ஊறி மேலே வரும். மூன்று கோட் அடித்தாலும் வரும். சவர்க்காரத் தூள் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, எண்ணெய்த் தன்மையுள்ள அண்டர்கோட் (அடிப்பூச்சு) ஒன்று கொடுத்த பிறகே எமல்சன். குசினிக்குத் தனி வரி இல்லாத எஸ்ரிமேற் குசினியைக் கவனிக்காத எஸ்ரிமேற்.

மூன்றாவது வெளிச்சுவர்ப் பாசி. வடக்குப் பக்கமும் மரநிழல் விழும் பக்கமும் மாரி முடிய கறுத்துப் போகும். வீட்டில் பாவிக்கும் பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு கலந்து பூசி, 15 முதல் 20 நிமிடம் விட்டு, பிறஸ்ஸால் தேய்த்துக் கழுவ வேண்டும். பிளீச்சோடு அசிட் எதையும் கலக்கக் கூடாது, நச்சு வாயு வரும். பாசியைச் சாகடிக்காமல் மேலே அடித்தால் அடுத்த மாரிக்கு அதே இடத்தில் அதே கறுப்பு.

புதிதாகப் பூசிய சுவரானால் குறைந்தது 28 நாள், முடிந்தால் ஆறு எட்டுக் கிழமை காயவிடுங்கள். பச்சைச் சிமெந்தின் காரம் நிறத்தைத் தின்னும்.

அளவெடுத்தல்: தரையா, சுவரா?

"சதுர அடிக்கு இவ்வளவு" என்று யாராவது சொன்னால் முதல் கேள்வி இதுவாக இருக்க வேண்டும்: "தம்பி, சதுர அடியெண்டால் தரையோ, சுவரோ?" இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் வந்த சண்டைகள் ஏராளம்.

இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டிய வீடுகள் ஏறத்தாழ 550 சதுர அடி. அந்த அளவிலான ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 22 அடிக்கு 25 அடி, சுவர் உயரம் 10 அடி, இரண்டு அறை, ஒரு ஹோல், ஒரு குசினி.

வெளிப்புறச் சுற்றளவு 94 அடி. உயரம் 10 அடியால் பெருக்க 940 சதுர அடி. இரண்டு முகட்டு முக்கோணங்கள், ஒவ்வொன்றும் அகலம் 22, உயரம் 5, ஆகவே அரைவாசி எடுத்தால் 55 வீதம் 110. வெளியே மொத்தம் 1,050. இரண்டு வெளிக்கதவும் ஐந்து யன்னலும் சேர்த்து 122 கழிந்தால் 928.

உள்ளே 10க்கு 10 அறைகள் இரண்டு, 14க்கு 10 ஹோல், 10க்கு 8 குசினி. சுற்றளவுகளைக் கூட்டினால் 164 அடி, உயரத்தால் பெருக்க 1,640. வெளிக்கதவு யன்னல் திறப்புகளின் உட்பக்கமும், மூன்று உட்கதவுகளின் இரண்டு பக்கமும் சேர்ந்து 248 கழிகிறது. மிச்சம் 1,392.

உள்ளும் வெளியும் சேர்த்துப் பெயின்ற் படும் சுவர் 2,320 சதுர அடி. தரைப் பரப்போ 550. அதாவது சுவர் தரையைப் போல நாலு மடங்குக்குச் சற்று மேல். தரைக்கு 400 ரூபா என்பதும் சுவருக்கு 95 ரூபா என்பதும் ஏறக்குறைய ஒரே தொகைதான். காதில் விழும்போது மட்டும் வேறு வேறு.

திறப்புகளைக் கழிக்காமல் அளந்தால் இதே வீடு 2,690 சதுர அடி ஆகும். 370 சதுர அடி வித்தியாசம், ஏறத்தாழ 14 வீதம். கழிக்காமல் அளப்பது களவு என்று சொல்ல முடியாது. யன்னல் ஓரம், நிலையோரம் வெட்டி அடிப்பது மெனக்கெட்ட வேலை, அதற்கு ஈடாகத்தான் பலர் கழிப்பதில்லை. ஆனால் ஒருவர் கழித்தும் இன்னொருவர் கழிக்காமலும் சொன்ன விலைகளை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. நீங்களே அளந்து, அந்த அளவை எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. சீலிங் இருந்தால் அது தனி. மதிலும் கேற்றும் தனி.

சாமான் எவ்வளவு போகும்?

டின்னில் எழுதியிருக்கும் பரப்பளவு கண்ணாடிபோன்ற சுவருக்கு. நமது மணல் பூச்சுச் சுவருக்கு அதில் குறைத்தே கணக்குப் போட வேண்டும். ஒரு லீற்றர் எமல்சன் முதல் கோட்டில் 90 முதல் 100 சதுர அடி, இரண்டாம் கோட்டில் 110 முதல் 120 என்று எடுங்கள். சீலர் (சுவர் பெயின்ற்றை உறிஞ்சாமலிருக்க முதலில் அடிப்பது) 90 முதல் 100. பூசாத சிமெந்துக் கல் சுவர் என்றால் பாதிக்குச் சற்று மேல்தான் வரும், கல்லின் துளைகள் குடித்துவிடும். எனமல் லீற்றருக்கு 120.

மேலே சொன்ன வீட்டுக்கு, வெளிச்சுவருக்குக் குறைந்த எண்ணையும் உட்சுவருக்குக் கூடிய எண்ணையும் எடுத்து, சிந்தல் சேதாரம் 5 வீதம் சேர்த்து:

- வெளிச்சுவர் பெயின்ற், இரண்டு கோட்: 19.7 லீற்றர். 20 லீற்றர் வாளி ஒன்று.
- உள் எமல்சன், இரண்டு கோட்: 26.8 லீற்றர். 20 லீற்றர் ஒன்று, 4 லீற்றர் இரண்டு.
- சீலர், உள்ளும் வெளியும் ஒரு கோட்: 25.4 லீற்றர்.
- உட்சுவர் முழுதும் புட்டி, இரண்டு கை (இரண்டு முறை): கிலோவுக்கு 9 சதுர அடி என்று பார்த்தால், சேதாரம் சேர்க்காமல் 155 கிலோ, 20 கிலோப் பை எட்டு.
- ஐந்து கதவு, ஐந்து யன்னல், கிறில் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 410 சதுர அடி: அண்டர்கோட் ஒரு 4 லீற்றர், எனமல் இரண்டு 4 லீற்றர்.
- சான்ட் பேப்பர், மாஸ்கிங் ரேப், றோலர், பிறஸ், தின்னர், தரைக்கு விரிக்கப் பொலித்தீன்.

இந்தப் பட்டியலோடு கடைக்குப் போய் விலை எழுதுவியுங்கள். டூலக்ஸ், நிப்பன், மல்ரிலாக், றொபியலாக், ஏசியன் பெயின்ற்ஸ் கோஸ்வே எதுவானாலும் ஒவ்வொரு கொம்பனிக்கும் மூன்று நாலு தரம் உண்டு. கொம்பனிப் பெயரை மட்டும் சொல்லி ஒப்பந்தம் பேசுவது அரைகுறைப் பேச்சு. அதே கொம்பனியின் மலிவு எமல்சனையும் வெளிச்சுவர்ப் பெயின்ற்றையும் மாற்றி வாங்கினால் விலையில் பெரும் வித்தியாசம் வரும், பெயர் ஒன்றுதான். டின்னில் உள்ள தயாரிப்பின் முழுப்பெயரும் எழுத்தில் வர வேண்டும்.

புட்டியிலும் கவனம். உள்வேலைக்கான புட்டியை வெளிச்சுவரில் போட்டால் முதல் மாரியிலேயே இளகி, பெயின்ற் தோல் தோலாக உரியும். வெளிக்கு வெள்ளைச் சிமெந்து சேர்ந்த, வெளிப்பாவனைக்கு என்று பையில் எழுதிய புட்டிதான்.

நிறம் கலக்கும் மெஷினில் எடுக்கும்போது நிற இலக்கத்தை ஒட்டிய ஸ்ரிக்கரைப் போனில் படமெடுத்து வையுங்கள். ஒரே நிறத்து டின்களை எல்லாம் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்து அடிப்பது நல்லது. இரண்டு டின்னுக்கிடையில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் சுவரின் நடுவே அது கோடாகத் தெரியும். ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ இருந்துகொண்டு ஒரு லீற்றர் குறைந்ததற்காகக் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ ஓடினால், எரிபொருள் செலவு பெயின்ற் விலையைத் தொடும். ஒரு 4 லீற்றர் கூடுதலாக எடுத்து, உடைக்காத டின்னைத் திருப்பி எடுப்பீர்களா என்று கடையில் முதலே கேளுங்கள். மெஷினில் நிறம் கலந்த டின்னை எந்தக் கடையும் திருப்பி எடுக்காது.

ஆள்நாள் கணக்கு

சாமானை யாரும் எண்ணிப் பார்க்கலாம். கூலிதான் புகைமூட்டம். அதைப் பிரித்துப் பார்க்க ஒரே வழி ஆள்நாள், அதாவது எத்தனை பேர் எத்தனை நாள் என்ற கணக்கு.

ஒரு கைதேர்ந்தவரும் ஒரு உதவியாளரும் என்று வையுங்கள். பழையதைச் சுரண்டிக் கழுவ ஒன்றரை நாள். உட்சுவருக்கு இரண்டு கை புட்டி 6 நாள், அதைத் தேய்க்க ஒன்றரை நாள். றோலரில் ஒருவர் ஒரு நாளைக்கு 500 சதுர அடி ஒரு கோட் என்றால், இருவரும் சேர்ந்து அடிக்கச் சீலருக்கு 2.3 நாள், இரண்டு கோட் பெயின்ற்றுக்கு 4.6 நாள். கதவு யன்னலுக்கு 4 நாள். மொத்தம் ஏறத்தாழ 20 நாள்.

இந்த எண் கையில் இருந்தால் பேச்சு சுலபம். "புட்டி எல்லாம் போட்டு ரெண்டு பேர் ஏழு நாளில முடிச்சுத் தாறம்" என்று ஒருவர் சொன்னால், அவர் எதையோ விடப்போகிறார். பெரும்பாலும் தேய்ப்பு, அல்லது இரண்டாம் கை புட்டி, அல்லது சீலர். எதை என்று கேளுங்கள்.

கூலிக்குள் ஒளிந்திருக்கும் இன்னொன்று சாப்பாடு, தேத்தண்ணி, தங்குமிடம். வெளியூரிலிருந்து வந்து தங்கி வேலை செய்யும் ஆட்களுக்கு மூன்று நேரச் சாப்பாடு வீட்டுக்காரர் பொறுப்பா, அவர்கள் சமைத்துக்கொள்வார்களா என்பது 20 நாள் வேலையில் சின்னக் காசு அல்ல. முகட்டுக்கு ஏறச் சாரம் யார் கொண்டுவருவது, கடையிலிருந்து சாமான் ஏத்தி இறக்குவது யார் என்பதும் அப்படித்தான்.

எழுதிக் கொடுத்து விலை கேளுங்கள்

ஒரு கொப்பித் தாளில் இவ்வளவும் எழுதி மூன்று பேருக்கும் அதே தாளைக் கொடுங்கள்: சுவர் அளவு உள் 1,392, வெளி 928, திறப்பு கழித்தது. உள்ளே எங்கே முழுப் புட்டி, எங்கே வெடிப்பு மட்டும். சீலர் எத்தனை கோட், பெயின்ற் எத்தனை கோட். தயாரிப்பின் பெயர். கதவு யன்னல் எண்ணிக்கை. குசினிச் சுவர்ச் சிகிச்சை. வேலை முடியத் துப்புரவு. சாப்பாடு யார். ஆரம்ப நாள், முடியும் நாள்.

ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் படம் பார்த்து விலை சொல்பவர் சுவரைத் தொட்டுப் பார்க்கவில்லை. விலையை ஒரே தொகையாக அல்லாமல் உட்சுவர், வெளிச்சுவர், மரவேலை, திருத்தம் என்று நாலாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். பிரித்துத் தர மறுப்பவர் கெட்டவர் என்றில்லை, பல நல்ல கைகாரருக்கு எழுதுவதில் விருப்பம் இருப்பதில்லை. அவர் வாயால் சொல்ல நீங்கள் எழுதி, இருவரும் ஒப்பம் வைத்தால் போதும்.

வற் வரி பற்றி ஒரு வார்த்தை. 2024 ஜனவரி முதல் அது 18 வீதம். கடையில் வாங்கும் பெயின்ற் விலைக்குள் அது ஏற்கெனவே அடங்கியிருக்கும். கூலிக்கு மேல் வற் போடுபவர் அதற்குப் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். பதிவு இலக்கம் உள்ள பற்றுச்சீட்டைக் கேளுங்கள்.

மூன்றையும் ஒரே வேலைக்குக் கொண்டுவருதல்

இனித்தான் உண்மையான ஒப்பீடு. கீழே உள்ள ரூபாக்கள் கணக்கு முறையைக் காட்டுவதற்காக எடுத்த எண்கள். உங்கள் கடை விலையையும் உங்கள் ஊர்க் கூலியையும் அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

நமது 550 சதுர அடி வீட்டுக்கு முழுச் சாமான் 159,000 ரூபா என்றும், இருவர் சோடிக்கு நாட்கூலி 7,500 என்றும் வைப்போம். 20 நாளுக்குக் கூலி 150,000. எல்லாம் சேர்த்து 309,000. இது உங்கள் அளவுகோல்.

முதலாமவர் 310,000 சொன்னார். சாமானும் கூலியும் சேர்த்து, எல்லா வேலையும் எழுதியிருக்கிறது. அளவுகோலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் "வெளிச்சுவருக்கு நல்ல பெயின்ற்" என்று மட்டும் எழுதியிருக்கிறார். 20 லீற்றர் வெளிப்பெயின்ற் 40,000, உள் எமல்சன் 25,000 என்றால் அந்த 'நல்ல' என்ற சொல்லுக்குள் 15,000 ரூபா கிடக்கிறது. பெயரை எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாமவர் சுவருக்குச் சதுர அடி 60 ரூபா கூலி, சாமான் உங்களுடையது என்றார். கழிக்காத அளவு 2,690 என்றால் 161,400. மரவேலை இதற்குள் இல்லை, அதற்கு 4 நாள், 30,000. சாமான் 159,000. மொத்தம் 350,400. கழித்த அளவுக்கு, அதாவது 2,320க்கு, அவர் இணங்கினால் 328,200. ஒரே கேள்வியில் 22,200 ரூபா குறைகிறது.

மூன்றாமவர் தரைக்குச் சதுர அடி 400, சாமானோடு. 220,000. கேட்கும்போது இதுதான் மலிவு. தாளை நீட்டி ஒவ்வொன்றாகக் கேட்டால் புட்டி இல்லை, சீலர் இல்லை, கதவு யன்னல் இல்லை. புட்டிச் சாமான் 20,000, அதற்கு ஏழரை நாள் கூலி 56,250. சீலர் 29,000, கூலி 17,250 வரை. மரவேலைச் சாமான் 28,000, கூலி 30,000. கூட்டினால் 180,500. அவருடைய 220,000 இப்போது 400,500.

மூன்றாமவரின் விலையை உடனே தள்ளிவிட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. உங்கள் உட்சுவர் ஏற்கெனவே புட்டி போட்ட, உறுதியான சுவரானால் உங்களுக்குப் புட்டியே தேவையில்லை. நல்ல நிலையிலுள்ள பழைய பெயின்ற்றுக்கு மேல் சீலரும் வேண்டாம், திருத்திய இடங்களில் மட்டும் போதும். அப்போது அளவுகோலும் இறங்கும், அவர் விலையும் வேறு வெளிச்சத்தில் தெரியும். அதனால்தான் சுவர்ச் சோதனை முதலில்.

சாமானை யார் வாங்குவது? கையில் நேரமிருந்தால் நீங்களே வாங்குங்கள். பெயின்ற் கொம்பனிகள் சில, அடிப்பவருக்குப் புள்ளி, பரிசு என்று கொடுப்பதுண்டு. அது அவருடைய உரிமை, அதில் சண்டை வேண்டாம். ஆனால் எந்தப் பெயின்ற் என்ற முடிவு உங்களுடையதாக இருக்கட்டும். அவரே வாங்கினால் கடைப் பற்றுச்சீட்டும் வெறும் டின்களும் வேலை முடியும்வரை வளவில் இருக்க வேண்டும். எத்தனை கோட் போனது என்பதற்கு வெறும் டின்னைவிட நல்ல சாட்சி இல்லை.

எந்த மாதம்?

தைப்பொங்கலுக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆனால் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை குடித்த சுவருக்குத் தை பிறக்கச் சில நாள் முன் வெளிப்பெயின்ற் அடிப்பது, ஈரத்தை உள்ளே வைத்துத் தைப்பது போல. பங்குனி வெயிலில் அந்த ஈரம் ஆவியாகி வெளியே வரப் பார்க்கும், பெயின்ற் கொப்பளிக்கும். பொங்கலுக்கு உட்சுவரையும் வாசல் கதவையும் செய்யுங்கள். வெளிச்சுவர் வைகாசிக்குப் பிறகு, புரட்டாதிக்கு முன்.

அந்த மாதங்களிலும் இரண்டு இடைஞ்சல் உண்டு. ஒன்று வெயில். உச்சி வெயிலில் சூடேறிய சுவரில் பெயின்ற் றோலரிலிருந்து இறங்கிய உடனே இறுகி, பட்டை பட்டையாக ஒட்டுக்கோடு தெரியும். நிழலைப் பின்தொடர்ந்து அடிக்க வேண்டும்: காலையில் மேற்குச் சுவர், பின்னேரம் கிழக்குச் சுவர். மற்றது சோளகக் காற்று. செம்மண் புழுதி ஈர எனமலில் ஒட்டினால் கதவு சான்ட் பேப்பர் போலாகிவிடும். மரவேலையைக் காற்று எழும்ப முன், விடிய வேளைக்கே, கதவு கழற்றி அறைக்குள் வைத்து முடிக்கச் சொல்லுங்கள்.

காசும் கண்ணும்

முற்பணம் கூலியின் கால்பங்குக்கு மேல் வேண்டாம். புட்டியும் தேய்ப்பும் முடிய அடுத்த பங்கு, முதல் கோட் முடிய அடுத்தது, எல்லாம் முடிந்து பார்த்த பிறகு மிச்சம். வெளிச்சுவருக்கு ஐந்து வீதத்தை ஒரு மாரி கழியும்வரை பிடித்துவைக்கலாம் என்று முதலிலேயே பேசிப் பாருங்கள். எல்லோரும் இணங்க மாட்டார்கள். இணங்குபவர் தன் வேலையில் நம்பிக்கையுள்ளவர்.

நீங்கள் கட்டாயம் வீட்டில் நிற்க வேண்டிய நாட்கள் இரண்டு. ஒன்று, புட்டி தேய்த்து முடிந்த நாள். இருட்டிய பின் ரோர்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து ஒளியைப் பக்கவாட்டில் ஓடவிடுங்கள். பகலில் தெரியாத மேடு பள்ளம், கரண்டிக் கீறல் எல்லாம் நிழலாக எழும்பும். பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டுங்கள். பெயின்ற் அடித்த பிறகு சொன்னால் அது தகராறு, இப்போது சொன்னால் அரைமணி நேர வேலை. தேய்த்த தூளை ஈரத் துணியால் துடைத்த பிறகே சீலர் போட வேண்டும். தூளோடு அடித்த சீலர் மறு வருடம் தாள்போல உரியும்.

மற்றது, முதல் கோட் கலக்கும் நாள். எமல்சனுக்கு எவ்வளவு தண்ணீர் என்பது டின்னில் இருக்கும், பொதுவாக 10 முதல் 20 வீதம். 4 லீற்றருக்கு முக்கால் லீற்றர் வரை. வாளியில் அரைக்கரைவாசி தண்ணீர் போனால் இரண்டு கோட் என்பது பெயரளவில்தான். கலக்க நல்ல தண்ணீர் கொடுங்கள், சவர்த் தண்ணீர் வேண்டாம். கோட் எண்ணுவதில் சந்தேகம் வராமலிருக்க, முதல் கோட்டை இறுதி நிறத்தைவிட ஒரு சாயல் வெளிறிய நிறத்தில் அடிக்கச் சொல்லலாம். விட்ட இடம் தானாகக் காட்டிக்கொடுக்கும்.

பழைய வீட்டின் எனமலில் ஈயம் இருக்கக்கூடும். கதவு நிலைகளை உலரத் தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லி, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். அஸ்பெஸ்ரஸ் சீற்றைக் கம்பி பிறஸ்ஸால் தேய்க்கவே கூடாது. முகட்டுப் பக்கம் மின்சார இணைப்பு வயர் ஓடினால் அலுமினிய ஏணியைத் தள்ளி வையுங்கள்.

எல்லாம் முடிந்து கடைசிக் காசைக் கொடுக்க முன், காலை ஒரு முறையும் பின்னேரம் ஒரு முறையும் சுற்றி வாருங்கள். சுவரும் சீலிங்கும் சேரும் மூலை, யன்னல் நிலையின் மேற்பக்கம், கதவின் அடி விளிம்பு, சுவிச் பெட்டியின் ஓரம். கதவின் அடி விளிம்பை யாரும் பெயின்ற் செய்வதில்லை, மாரியில் கதவு ஊதுவது அங்கிருந்துதான். கண்ணாடியில் கிடக்கும் துளியையும் தரையில் கிடக்கும் துளியையும் அன்றே எடுக்கச் சொல்லுங்கள். மிஞ்சிய பெயின்ற்றைச் சின்ன டின்னில் நிறைய ஊற்றி, மூடி இறுக்கி, எந்த அறை, எந்த நிற இலக்கம், எந்த மாதம் என்று மூடியில் எழுதி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.